பெயர் பின்னர் அறிவிக்கப்படும்

டிசம்பர் இரண்டாம் வாரம்.
ஈரி ஏரி இன்னும் உறையவில்லை.
உறையும்வரை பனியை அள்ளி
எங்கள் தலையில் கொட்டிக்கொண்டே இருக்கும்.
இரவு பதினொன்றுக்கு
பதினேழாம் எண் வண்டியை எடுக்கிறேன்.
முன்னால் பனிக்கலப்பை, பின்னால் ஆறு டன் உப்பு,
நடுவில் நானும் வானொலியும்.

பாரேராவை விட்டுவிட்டார்கள்.

ஒன்பது வருடம்
தட்டுக்குப் பின்னால் குந்தியே இருந்தவன்.
"புதிய ஒப்பந்தம் வழங்கப்படவில்லை" என்று சொன்ன
அதே மூச்சில்
பாலம் மூடியிருப்பதையும் சொல்லி முடித்தார்
செய்தி வாசிப்பவர்.

இரண்டாம் பேஸ் ஹால்வர்சன்
மேற்குக் கரைக்குப் போகிறான்.
பதிலுக்குப் பத்தொன்பது வயதுப் பையன்கள் இருவர்,
கொசுறாக இன்னொருவன்:
பெயர் பின்னர் அறிவிக்கப்படும்.

இடக்கை வீச்சாளன் ஓஸ்கிக்கு மட்டும்
நான்கு வருடம், கை கொள்ளாத பணம்.
அவன் முழங்கையில்
வேறிடத்துத் தசைநாணை எடுத்துத் தைத்திருக்கிறார்கள்.
மழைக்கு முன்னால் வலிக்குமாம்.
இந்த ஊரில் எந்த நாள்
மழைக்கு முன்னால் இல்லை?

"உறுமீனுக்காக நிற்கிறோம்"
என்கிறார் பொது மேலாளர் டென்ஹோம்.
அணிக்கு நாரைகள் என்று
பெயர் வைத்தாலும் வைத்தார்கள்,
முப்பத்தொரு வருடமாக ஒற்றைக் காலில்.

கிடங்கில் ஸ்டான்கோ கேட்டான்:
"ப்ரோனியா, அந்த நாற்காலியில் நீ இருந்தால்?"
காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்,
சர்க்கரை போடாத காப்பியை.

எனக்குத் தெரியும். அதுதான் எரிச்சல்.
போன பருவத்தில் எழுபத்தொரு பேர்
அவன் கையைச் சோதித்து ஓடினார்கள்.
ஒன்பது பேரைத்தான் வீழ்த்தினான்.
மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து
பென்சிலால் குறித்தவள் நான்.
நானாக இருந்தால்
ஒரு வருடம் முன்பே விட்டிருப்பேன்.
விட்டுவிட்டு, காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு
அழுதிருப்பேன்.
டென்ஹோம் அழுதாரா என்று
வானொலி சொல்லவில்லை.

மூன்றேகாலுக்குக் குன்றுச் சாலை.
கலப்பை தள்ளுகிற பனி
வலப்பக்கத்து வாசல்களில் விழும்.
யார் வாசலென்று பார்க்கக் கூடாது,
அதுதான் விதி.
நாற்பதாம் எண் வீட்டில்
விற்பனைப் பலகை நட்டாயிற்று,
பலகைக்குப் பனியில் ஒரு தொப்பி.
அந்த நேரத்தில், தூக்கம் வராமல்,
மண்வாரியோடு நின்றிருந்தான் பாரேரா.
குனியவில்லை, குந்தினான்.
முட்டிகளுக்கு வேறெதுவும் தெரியாது போல.

நெம்புகோலை இழுத்தேன்.
நான்கு வினாடி கலப்பையைத் தூக்கிப் பிடித்தேன்.
அவன் வாசலில் ஒரு துளி விழவில்லை.

விளக்கு வெளிச்சத்தில்
தொடையருகே இரண்டு விரல் நீட்டினான்.
நன்றி என்றா,
வளைபந்து போடு என்றா,
இன்னும் புரியவில்லை.
நானும் தலையசைத்தேன், வீச்சாளர்கள் அசைப்பதுபோல்.

உச்சியில் டென்ஹோம் வீடு. நீள வாசல்.
கை நெம்புகோலில்தான் இருந்தது.
விதிப்படி நடந்துகொண்டேன்.
முழங்கால் உயரம்.

ஏப்ரல் மூன்றாம் தேதி முதல் ஆட்டம்.
சீட்டு வாங்கியாயிற்று,
திட்டிக்கொண்டேதான் வாங்கினேன்.
அதே மூன்றாவது வரிசை. புதுப் பென்சில்.
தட்டுக்குப் பின்னால் எவனோ குந்துவான்,
அவன் கையையும் எண்ணுவேன்.

இப்போது உப்பு தீர்ந்துவிட்டது, திரும்புகிறேன்.
எங்கோ ஒரு வாடகை அறையில்
பெயர் அறிவிக்கப்படாத அவன்
குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பான்,
ஏரியோரத்து ஊரொன்று
தன்னை ஏற்கெனவே ஏசத் தொடங்கிவிட்டது
தெரியாமல்.