புத்தகத்தில் நீலம்

வாங்கும்போது வெள்ளை.
உரசினால் பச்சை, அதற்கும் கீழே காக்கி,
கதவோரம் பாதி அழிந்த ஏதோவொரு நிறுவனத்தின் பெயர்.
வாகனப் புத்தகத்தில் நீலம்.
"எதை நம்புற?" என்றேன்.
"எஞ்சினை" என்றார் சம்மாந்துறை லாபிர் பாஸ்.

ஏழு மாதம்.
பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில்
கிளச் பிளேட் என் மடியில் தூங்கி வந்தது.

இப்போது தினமும் இறக்காமத்துப் பள்ளிக்கு.
ஹோர்ன் இல்லை; கதவில் தட்டுவேன்,
மாடுகளுக்குப் பழகிவிட்டது.
நாலு சில்லு லீவரை மட்டும்
தொட்டதேயில்லை,

நேற்று வரை.
வாய்க்கால் கட்டில், அடைமழையில்
கல்வி அதிகாரியின் புதுக் கார்
வயிறு வரை புதைந்து கிடந்தது.
இழுத்தேன். முனகிற்று. பிறகு பிடித்துக்கொண்டது.

கயிற்றை அவிழ்த்தபடி கேட்டார்:
"இது என்ன கலர், டீச்சர்?"
பொனட்டெல்லாம் சேறு.

"புத்தகத்தில நீலம், சேர்."