பத்துப் பேருக்கு அனுப்பினால்

மார்கழியில் பணகுடிக் காற்றாடிகள்
சும்மா நிற்கும்.
ஜெபக்கனியின் கைபேசியில் மட்டும்
சக்கரம் சுற்றி
ஐயாயிரத்தில் நின்றது.
எல்லோருக்கும் அங்கேதான் நிற்கும்.

பரிசு அட்டைக்கு முன்
பன்னிரண்டு கேள்விகள்.
வயது, வருமானம், வீட்டில் எத்தனை பேர்,
அடுத்து என்ன வாங்க ஆசை.
இதுவரை யாரும் கேட்டதில்லை.
உள்ளதையே சொன்னாள்:
கிரைண்டர்.

பச்சைக் கோடு
தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் முரண்டுபிடித்து
பத்துப் பேருக்கு அனுப்பச் சொன்னது.
பாடகர் குழு டீச்சர், சிலிண்டர் போடும் பையன்,
சீட்டுப் பிடிக்கிற அக்கா என்று
ஒன்பது தேறியது.

பத்தாவதாக,
வேலித் தகராறில் மூன்று வருசமாய்ப்
பேசாத அண்ணன்.

கோடு நகரவில்லை.
மறுநாளிலிருந்து
கடன் வேண்டுமா என்று
யார் யாரோ அழைக்கிறார்கள், பேர் சொல்லி.

ராத்திரி ஒன்பதுக்கு அண்ணன்:
“ஏட்டி, ஒனக்காவது வந்துச்சா?”