சும்மா நின்ற நேரம்

எட்டு வாரம், நான்கு பேர்,
ஆளுக்கு மாதம் ஆறாயிரம்.
வீட்டில் முதலாவதாகக் காலேஜ் வந்தவர்களாகப் பார்த்துத்தான்
எங்களைச் சேர்த்தார்களாம்.
கையெழுத்துப் போடுமுன் டில்லிபாபு இரண்டு தடவை கேட்டான்:
"நாங்க கட்டணுமா, அவங்க குடுப்பாங்களா சார்?"
அதுவரை எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும்
பணம் எங்கள் பக்கமிருந்துதான் போயிருக்கிறது.

கம்பெனிக்குத் தெரியவேண்டியது ஒன்று:
மணலி சாலையில் அவர்கள் யார்டுக்கு வெளியே
கன்டெய்னர் வண்டிகள்
எவ்வளவு நேரம் நிற்கின்றன, ஏன்.

ஷகிலா பானுவுக்கு எக்செல்.
பிரின்ஸிக்கு இங்கிலீஷ்;
எங்களுடையதைவிட ஒரு விரற்கடை நீளம், அவ்வளவுதான்.
எனக்கும் டில்லிக்கும் சாலை.

கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் நான்.
வரிசையின் வால் எங்கே என்று
சைக்கிளில் தேடிப் போவான் அவன்.
மூன்றாம் நாளே நோட்டின் ஓரமெல்லாம் கரி,
மூக்கைச் சிந்தினால் கறுப்பு.
ஆர்டிஓ ஆபீஸ் ஆள் என்று நினைத்து
டீக்கடைக்காரர் ஒரு வாரம் காசு வாங்கவில்லை.
தெரிந்ததும் பழைய பாக்கியோடு வாங்கினார்.

ஷீட்டில் ஐந்தாவது பத்தியின் தலைப்பு
ஐடில் டைம்.
எங்களுக்குப் புரிய ஷகிலா தமிழில் போட்டாள்:
சும்மா நின்ற நேரம்.

நாற்பத்தோராவது வரி.
டில்லியின் கோணல் எழுத்தில் வண்டி நம்பர்.
எங்கள் வீட்டுக் காலண்டரின் பின்பக்கம்
எழுதியிருக்கும் அதே நம்பர்.
வந்தது செவ்வாய் இரவு ஒன்பது நாற்பது.
உள்ளே போனது வியாழன் விடியல் நாலு ஐந்து.
புதன் முழுக்க நான் பெஞ்சில் இருந்தேன்,
ஒன்றரைக் கிலோமீட்டர் பின்னால் அப்பா.
முப்பது மணி இருபத்தைந்து நிமிடம்
என்று ஷீட் தானே கழித்துச் சொன்னது.

ராத்திரி கேட்டேன். சோற்றிலிருந்து கையெடுக்காமல் சொன்னார்:
"சும்மாவா நின்னேன்?
முன்னாடி வண்டி பத்தடி நவுந்தா நானும் நவுரணும்,
இல்லன்னா எவனாவது நடுவுல பூந்துருவான்.
கண்ண மூடுனா டீசல் போயிரும்.
ஒண்ணுக்குப் போறதுன்னா
வண்டிய யார்கிட்ட வுட்டுட்டுப் போறது, சொல்லு."
"அதுக்கு எவ்ளோப்பா தருவாங்க?"
"எதுக்கு?"
கேள்வியே அவருக்குப் புரியவில்லை.
கூலி ட்ரிப்புக்கு.

அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய்.
தூங்கினேன், காலை ஆறுக்கு ஷிஃப்ட்.
பஸ்ஸில்தான் கணக்குப் போட்டேன்:
அவர் நின்றதை எண்ணியதற்கு
எனக்கு மணிக்கு முப்பது ரூபாய்.

"இது நம்ம வேலையில இல்லடி" என்றாள் பிரின்ஸி.
ஷகிலா பேசாமல் தலைப்பை அழித்தாள்.
காலிக் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
டில்லி ஒன்று சொன்னான், கெட்ட வார்த்தை.
கடைசியில் பிரின்ஸியே அடித்தாள்:
கூலி இல்லாத வேலை நேரம்.

பாரிமுனை ஆபீஸ் ஏசியில் எனக்குப் பல் கிட்டியது.
இருபத்து நான்கு ஸ்லைடு. டோக்கன் முறை,
இரவில் இரண்டாவது கேட், எல்லாம் சொன்னோம்.
மேடம் பன்னிரண்டாவதில் நிறுத்தினார்.
"இந்தத் தலைப்பு யார் வச்சது?"
"டீம்" என்றோம் நாலு பேரும்,
ஆளுக்கொரு நேரத்தில்.
அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை.
"நல்ல வேலை. ஆனா ரிப்போர்ட்ல பழைய பேரையே போடுங்க,
ஹெட் ஆபீஸ்ல குழம்பிருவாங்க."

போட்டோம்.
எங்களுடையது அடிக்குறிப்பாக இறங்கியது,
ஷகிலா கண்டுபிடித்த மிகச் சிறிய எழுத்தில்.

வெள்ளிக்கிழமை பேங்க் மெசேஜ் வந்தது.
மெட்ரோ படியில் நின்று அப்பாவுக்கு அடித்தேன்.
"எங்கப்பா இருக்க?"
"லைன்ல. இன்னாம்மா விஷயம்?"
"சும்மாதான் பண்ணேன்."
பின்னால் ஹாரன்.
"இரு இரு, நவுருது" என்றார்.