சிந்தியவர் கணக்கு

தையல் பட்டறையில் பதினோரு வருஷம்
யார் யாருக்கோ காலர் வைத்தேன்.
இப்போது மாவுக்கு விளிம்பு மடிக்கிறேன்.
ஊசி ஒன்றுதான் இல்லை;
மற்றபடி அதே முதுகுவலி.

சால்டேனா என்பது
குழம்பை மாவுக்குள் பூட்டிவைக்கும் வேலை.
ராத்திரி முழுக்கக் குளிரில் கட்டியாய்க் கிடந்த இறைச்சிச் சாறு
அடுப்புக்குள் போனதும் இளகித்
தப்பிக்க வழி தேடும்.
மடிப்பில் நூலளவு பிசகு போதும்.

முதல் தட்டில் நாற்பத்தெட்டு.
நாற்பத்தெட்டும் அழுதன.
நான் அழவில்லை,
தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அடுப்பு, நொடித்துப்போன பீட்சாக் கடையுடையது.
"ராசியான அடுப்பு" என்றார் விற்றவர்,
என் முகத்தைப் பார்க்காமல்.
இடது மூலை கருக்கும், வலது மூலை வேகாது.
பாதியில் தட்டைத் திருப்ப வேண்டும்.
ராசி என்று அவர் சொன்னது
அந்தத் திருப்பலைத்தானோ என்னவோ.

எல் ஆல்டோவில் தண்ணீர்
சரியாகச் சூடேறும் முன்பே கொதித்துவிடும்.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
உருளைக்கிழங்குக்கு எந்த அவசரமும் கிடையாது.
அதற்காக நான் இரண்டு மணிக்கு எழுகிறேன்.
வங்கித் தவணை மட்டும்
எந்த உயரத்திலும் நேரத்துக்கு வெந்துவிடுகிறது.

பலகை எழுதியவர்
நில்டாவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்.
திருத்த இன்னும் முப்பது பொலிவியானோ கேட்டார்.
அந்த முப்பதுக்கு ஆலிவ் வாங்கினேன்.
கடைக்குள் நான் நில்டா,
தெருவுக்கு நிடா.

மே மாதம் சாலையை மறித்தார்கள்.
கல், டயர், கவிழ்த்த தள்ளுவண்டி.
என்னிடம் நூற்று நாற்பது சால்டேனா.
மதியம் தாண்டினால் எங்கள் ஊரில்
அதை யாரும் தொடமாட்டார்கள்.
தங்கை செனோபியாவும் நானும்
போர்வையில் கட்டி முதுகில் ஏற்றி
மறியலுக்கே நடந்தோம்.
பசி இருந்தது அங்கே. காசு இல்லை.

துணிக்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்:
செருப்புக்கடை ரெமிஹியோ, இரண்டு.
மினிபஸ் ஓட்டுநரின் மனைவி, நான்கு.
சிவப்புத் தொப்பி, பெயர் சொல்லவில்லை, மூன்று.
"கடை திறந்தாயா, அன்னசத்திரம் திறந்தாயா?"
என்றாள் தங்கை.
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
அடுப்பை யாருக்கு விற்கலாம் என்று
நானும் அந்த மூன்று நாளும் யோசித்தேன்.
"ராசியான அடுப்பு" என்று
சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வழி திறந்த வாரம்
ஒவ்வொருவராக வந்தார்கள்.
ரெமிஹியோ இரண்டுக்குக் கொடுத்துவிட்டு
இன்னும் இரண்டு வாங்கினார்.
ஓட்டுநரின் மனைவி அண்டை வீட்டாரோடு வந்தாள்.
காலைப் போணிக்கு வரிசை என்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்,
எதிர்க்கடைக்காரன் எட்டிப் பார்க்கும் அளவுக்கு
நீளமில்லாத ஒரு வரிசை.

சிவப்புத் தொப்பி வரவில்லை.
தினமும் எதிர்ச் சாரியில் வேகமாக நடக்கிறான்.
அவன் வரியை நான் அடிக்கவில்லை.
எழுதியது எழுதியபடி இருக்கட்டும்.

சால்டேனாவைச் செங்குத்தாகப் பிடித்து
மூலையைக் கடித்து
முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும்.
அந்த அரை நிமிஷம் கடையில் பேச்சே இருக்காது.
தவணையும் மறியலும் தெரியாத
அந்த உறிஞ்சும் சத்தத்துக்காகவே
கதவருகில் துணி துடைப்பதுபோல் நிற்பேன்.
சிந்தியவர் எல்லோருக்கும் சேர்த்துப் பணம் தரவேண்டும்,
அது எங்கள் வழக்கம்.

போன வெள்ளிக்கிழமை
சிலிண்டர், மாவு, தவணை எல்லாம் கழித்து
இருநூற்றுப் பத்து மிஞ்சியது.
இரண்டு முறை கூட்டினேன்.
பிறகு கடைசி சால்டேனாவை எடுத்துக்கொண்டு
வாடிக்கையாளர் ஸ்டூலில், என் கடையில்,
முதல் தடவையாக உட்கார்ந்தேன்.
கடித்தேன். உறிஞ்சினேன்.
முழங்கைவரை ஒழுகியது.

செனோபியா பார்த்துவிட்டாள்.
வழக்கம் வழக்கம்தான்.
பத்து நோட்டை எடுத்து என் கல்லாவில் போட்டேன்.
விலை எட்டு.
மீதி இரண்டைத் தரமாட்டேன் என்றாள் அவள்.