அலுமாரி

ஒட்டுசுட்டானில் மீளக் குடியமர்ந்த மூன்றாம் கிழமை
வீடு பார்க்க வந்தார்கள்.
வீடென்றால் பத்துத் தகரம், ஆறு மரக்கம்பு,
நீல எழுத்துப் போட்ட தறப்பாள்.
நடுவில், மூக்குடைந்த ராசா மாதிரி,
எங்கள் இரும்பு அலுமாரி.

அது இடம்பெயரவில்லை.
லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றினோம்,
இரண்டு மூட்டை நெல்லுக்கு இடம் வேண்டி
இறக்கி விட்டுப் போனோம்.
திரும்பி வர, முருங்கைக்குக் கீழே
குப்புறக் கிடந்தது.
இடப்பக்கம் மூன்று ஓட்டை. கண்ணாடி இல்லை.
உள்ளே எலி குட்டி போட்டிருந்தது.

வந்தவன் சின்னப் பெடியன்.
நிறையக் கதைத்தான், வேகமாய்.
எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.
பிறகு துவக்கின் நுனியால் காட்டி,
"அல்மாரிய அரின்ன."

அல்மாரிய.
அவ்வளவு நேரத்தில் அந்த ஒரு சொல்தான்
மொழிபெயர்க்க ஆளில்லாமல் வந்து சேர்ந்தது.
"அலுமாரி" என்றேன் நானும், ஏனென்று தெரியாது.
அவன் தலையாட்டினான்.
ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் போல
ஒரு கணம்.

திறப்பு துலைந்தது எப்போதோ.
கம்பி விட்டு நெம்பினேன்.
இரண்டு சேலை. பூச்சி உருண்டை. நிவாரண அட்டை.
காணாமற்போனோர் படிவம் ஒன்று,
சந்திரகாசன் என்ற பெயர் மட்டும் நிரப்பியது.
சேலைகளை அவன் கையால் தொடவில்லை.
துவக்கால் தூக்கிப் பார்த்தான்.
ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

போன மாரியில், மாங்குளத்தில்,
பஸ் வரும்வரை நூலகத்துக்குள் ஒதுங்கினேன்.
அட்டை கழன்ற அகராதி ஒன்று கையில் அகப்பட்டது.
அலுமாரி: போர்த்துக்கேயர் கப்பலில் வந்தது.
அவர்களுக்கு இலத்தீன் கொடுத்தது, அர்மாரியும் என்று.
அர்மா என்றால் படைக்கலம்.
ஆயுதம் வைக்கிற பெட்டி.
பிறகுதான் அதில் புத்தகம் வைத்தார்களாம்,
அதற்கும் பிறகு உடுப்பு.

சிரித்துவிட்டேன்.
நூலகப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள்.
கிணற்றுக்குள் தேடினார்கள், வைக்கலுக்குள்,
கோழிக்கூட்டைக் கவிழ்த்தும் தேடினார்கள்.
அது அவன் வாயில் இருந்திருக்கிறது.
என் வாயிலும்.
மாறிமாறிச் சொல்லியிருக்கிறோம்,
ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

அர்மாவுக்கு இன்னொரு பொருளும் போட்டிருந்தது,
சின்ன எழுத்தில்: வேலைக் கருவி.
அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அலுமாரி இன்றும் பூட்டாது.
மண்வெட்டியைக் கீழ்த்தட்டில் வைக்கிறேன்,
வெளியில் விட்டால் களவு போகுது.
படிவம் மேல்தட்டில்.
நடுத்தட்டை இன்னும்
எலி விட்டபாடில்லை.