ஒன்பதாம் கலம்

விண்ணப்பம் எண் பதினேழு. ஜெரோம் தல்மேதா.
கேட்கும் வேலை: கடல்சார் பொறியியல் விரிவுரையாளர்.
முதல் வகுப்புத் தகுதிச் சான்று, மூலப்பிரதி, பார்த்தேன்.
பயிற்றுநர் பயிற்சி முடித்த தாள், பார்த்தேன்.
கூடவே காது மருத்துவரின் கடிதம் ஒன்று:
இடது காதில் உயர்ந்த ஒலிகள் விழாது.
இதை நாங்கள் கேட்கவில்லையே என்றேன்.
‘பையன்கள் சந்தேகம் கேட்டால்
வலப்பக்கம் நிற்கச் சொல்வதற்கு’ என்றார்.

நான் கப்பல் ஏறியதில்லை.
எலிஃபண்டா படகில் ஒருமுறை, அதிலும் வாந்தி.
ஆனால் ரே ரோடு ரயிலடிக்குப் பக்கத்தில்
இந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
பத்தொன்பது வருடமாக
மாலுமிகளின் புத்தகங்களைக் கூட்டிக் கழிக்கிறேன்.
ஏறிய துறைக்கு ஒரு முத்திரை, இறங்கிய துறைக்கு ஒன்று,
நடுவில் இருந்த புயலெல்லாம் எனக்கு நாட்கணக்கு.
ஒரு தலைமைப் பொறியாளரின் பாதி ஆயுளை
டீ ஆறுவதற்குள் கூட்டிவிடுவேன்.

ஒன்பதாவது கட்டம் கடற்சேவை.
தாராவியில் நான் படித்த தமிழில்
கட்டத்துக்கும் கலம் என்று பேர், கப்பலுக்கும் கலம்.
இந்தக் கலத்தில் நாற்பத்தொரு நாள் ஓட்டை.

எங்கள் கல்லூரி விதியில் குழப்பமில்லை:
இயந்திரம் ஓடிய நாளே சேவை.
நங்கூரத்தில் கிடந்தது சேராது.

‘கிடந்தது பதினாலு மாசம்’ என்றார், தூத்துக்குடித் தமிழில்.
‘இங்கனதான், இந்தத் துறைமுகத்துக்கு வெளிய.’
முதலாளி போன் எடுப்பதை நிறுத்திவிட்டான்.
கோர்ட் ஆணை ஒட்டிய கப்பலை ஆளில்லாமல் விடக்கூடாதாம்.
ஏழு பேர். எட்டிப் பார்த்தால் மும்பை,
ராத்திரியில் அதன் விளக்குகள் மட்டும்.
டீசல் தீர்ந்துவிடும் என்று தினம் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டர்,
அதற்குள் தண்ணீர் ஏற்றி, சோறு பொங்கி,
ஏழு போனுக்கும் சார்ஜ்.
மூன்று ஜெனரேட்டரில் இரண்டைப் பிரித்து
ஒன்றை உயிரோடு வைத்திருந்தார்.
இன்ஜெக்டர் அடைத்தபோது
சமையற்காரரின் ஸ்டவ் பின்.
கேஸ்கட் தீர்ந்தபோது பழைய கடல் வரைபடம்.
‘வங்காள விரிகுடா மொத்தமும்
ஆயில் பம்புக்குப் போயிட்டு மேடம்.’

சாப்பாட்டு வேளையில்
டப்பாவைத் திறக்காமல் விதியைத் திரும்பப் படித்தேன்.
இயந்திரம் என்றிருக்கிறது.
எந்த இயந்திரம் என்று இல்லை.
நானூற்று இருபத்தைந்து இரவு, இரண்டால் பெருக்கி,
எண்ணூற்று ஐம்பது மணி.
முப்பத்தைந்து நாளும் பத்து மணி நேரமும்.
இவ்வளவு இழுத்துப் பார்த்தும்
ஐந்து நாள், பதினாலு மணி இடிக்கிறது.

கூப்பிட்டுச் சொன்னேன்.
தாளை வாங்கி, கண்ணாடியைக் கழற்றி,
மூக்கருகே வைத்துப் பார்த்தார்.
‘நடுவுல ஒரு வாரம் ஓடவே இல்ல.
பேரிங் போயிட்டு. இருட்டுலதான் கிடந்தோம்.
அதையும் கழிச்சிருங்க.’

அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.
எந்தப் புத்தகத்திலும் அந்த வாரம் இல்லை.
ரப்பரால் அழித்தேன்.
ஆறு நாள், நாலு மணி.

நிராகரிப்புத் தட்டு என் இடது கைக்கு எட்டும் தூரம்.
குண்டூசியைத் தேடினேன்.
கணக்குத் தாளை, அழித்த இடம் தெரியும்படியே,
விண்ணப்பத்தில் குத்தி
முதல்வர் கார்கானிஸ் மேசைக்கு அனுப்பினேன்.
நான்கரை மணிக்குத் திரும்பி வந்தது.
பச்சை மையில் ஒரே சொல்: பேசவும்.

ஹார்பர் லைனில் கூட்டம்.
காட்டன் கிரீன் தாண்டி, கிடங்குகளின் சந்தில்
ஒரு கீற்றுத் தண்ணீர் வந்து போனது.
நாளை பதினொரு மணிக்கு அவர் அறை.
என்னை உட்காரச் சொல்ல மாட்டார்.
எங்கிருந்து ஆரம்பிக்க,
வங்காள விரிகுடாவிலிருந்தா
ஸ்டவ் பின்னிலிருந்தா.