ஆறு ஐம்பது வண்டி

பத்தாம் வகுப்புக்கு இனி ஆறரை வரை பள்ளி என்று
ஆடி மாதம் தொடங்கினார்கள்.
எனக்கு யாரும் சொல்லவில்லை.
நாலு இருபது வண்டியின் பின்படிக்கட்டு
ஒரு திங்கட்கிழமை காலியாக இருந்தது.
தெரிந்துகொண்டேன்.

நான் கண்டக்டர்.
பேர்ணாம்பட்டிலிருந்து மலையடிவாரம் வரை
பதினோரு நிறுத்தம், நாளைக்கு எட்டு சிங்கிள்.
பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடலாம் என்று
என்னை எவரும் கேட்கப்போவதில்லை.
கேட்டால்
தனபாக்கியத்தை முதலில் கேளுங்கள் என்பேன்.

ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள்.
பசை வாசனையோடு ஏறும் கூட்டத்தில்
கடைசியாக ஏறி, நாலாவது சீட்டில் இடம் பிடிப்பாள்.
அடுத்த நிறுத்தம் பள்ளிக்கூடம்.
மகள் வந்து பக்கத்தில் உட்காரும்.
இருபத்தைந்து நிமிடம்
இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.
தாயின் மடியில் டிபன் பை,
பையின் மேல் மகளின் தலை.
"வூட்ல தனியா கீதேன்னு
மிஷின் ஓட்டசொல்லோ வயிறு கலங்கும்ணா.
இப்ப இல்ல"
கட்டணமில்லாச் சீட்டை வாங்கிக்கொண்டே
ஒருநாள் சொன்னாள்.

தப்ரேஸ் கம்பியில் தொங்கியபடி
யாரும் கேட்காமலே அறிவித்தான்:
இருபடிச் சமன்பாடு
ஐந்தே முக்காலுக்குத்தான் புரிகிறதாம்.
நல்லது, உள்ளே வா என்றேன்.

காலை எட்டே காலுக்கு ஏற்றிவிட்ட முகத்தை
இருட்டில் இறக்கிவிடும்போதுதான்
கணக்கு உதைக்கிறது.
எட்டு மணிநேரம் தாண்டினால் எங்களுக்கு ஓ.டி. உண்டு,
சங்கம் உண்டு.
இதுகளுக்கு ஒரு கை சுண்டல்.
அதுவும் புதன்கிழமையோடு தீர்ந்துவிடும்.
போன வாரம் ஒரு பையன் தூங்கியே
டெப்போ வரை வந்துவிட்டான்.
எழுப்பினால்,
"ப்ரசன்ட் சார்."

சுதாகரனைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
நாலு இருபதில் இறங்கி
நேராக பஞ்சர் கடைக்கு ஓடுவான்,
வாரம் முந்நூறு.
ஆறரை வந்ததும் கடை போயிற்று.
கார்த்திகையில்
கடை திரும்பி வந்தது,
பள்ளிக்கூடம் போயிற்று.
எந்தப் பதிவேட்டில் இதை எந்தக் காரணத்தில் எழுதினார்களோ.

கடைசி நிறுத்தத்தில் ஏழு பிள்ளைகள் இறங்கும்.
அங்கிருந்து ஊர் ஒரு கிலோமீட்டர்.
கேழ்வரகு முற்றிய மாதம்.
மலையிலிருந்து யானை இறங்கும்.
டிரைவர் ஜலாலுதீன் வண்டியைத் திருப்பமாட்டார்.
ஹெட்லைட்டைப் பாதைமேல் போட்டு
இன்ஜினை உறுமவிட்டபடி உட்கார்ந்திருப்பார்.
ஏழு முதுகு, ஏழு பை,
பிறகு ஏழு புள்ளி.
ஊர்முனையிலிருந்து
"வந்துட்டோம்ணோவ்" என்று குரல் கேட்டபின்தான்
கியர் விழும்.
ஒன்பது நிமிடம்.

டைம்கீப்பர் மெமோ கொடுத்தார்:
தாமதத்துக்குக் காரணம் என்ன?
பஞ்சர் என்று எழுதினேன்.
மறுநாளும் பஞ்சர்.
மூன்றாம் நாள் ரசீது கேட்டார்.

சுதாகரன்தான் எழுதித் தந்தான்.
தேதி, வண்டி எண், எத்தனை ஒட்டு,
கீழே கோடு போட்டுக் கூட்டல்.
ஓர் எழுத்துப் பிழை இல்லை.